விண்ணப்பம் போன பிறகு வந்த சேதியைக் கல்லூரிக்குச் சொல்லலாமா?

ஊத்துக்குளி அம்மா | ஜனவரி 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. மகள் +2 படிக்கிறாள். மாநிலப் பாடத்திட்டம், உயிரியல் கணிதப் பிரிவு. அமெரிக்காவில் ஏழு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒன்று நவம்பர் 1 கெடுவுக்குப் போட்டது. டிசம்பர் நடுவில் 'டெஃபர்' என்று பதில் வந்தது. வேண்டாம் என்றும் இல்லை, வா என்றும் இல்லை. மார்ச்சில் மற்றவர்களோடு சேர்த்து இன்னொரு தடவை பார்ப்பார்களாம். மீதி ஆறும் ஜனவரி முதல் வாரத்தில் போயின.

விண்ணப்பம் போன பிறகு மூன்று விஷயம் நடந்திருக்கிறது. அரையாண்டில் 600-க்கு 571. காலாண்டை விட நல்ல ஏற்றம். மாவட்டப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு. அப்புறம் அவளுடைய கிணற்று வேலை. +1-லிருந்து ஞாயிறு ஞாயிறு, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக்கொண்டு நொய்யல் கரையோரம் 11 கிணறுகளில் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதி வருகிறாள். விண்ணப்பத்தில் அதற்கு 150 எழுத்துதான் இடம் கொடுத்தார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அளவு எப்படி மாறியது என்பதை இப்போதுதான் வரைபடமாகப் போட்டு முடித்தாள்.

இதையெல்லாம் கல்லூரிக்கு எழுதலாமா? என் வீட்டுக்காரர் கூடாது என்கிறார். "பொண்ணு பார்த்துட்டுப் போனவங்க வீட்டுக்கு நாமளே போயி என்ன முடிவு பண்ணீங்கன்னு கேட்ட மாதிரி இருக்கும்" என்பது அவர் பேச்சு. எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பொள்ளாச்சி வாசி | ஜனவரி 11, இரவு 10.25

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்க.

கோவையில் ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டினோம். அவன் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கல்லூரிக்கும் மாதம் இரண்டு கடிதம் போயிருக்கிறது. அவன் பாதியில் விட்ட ஒரு ஆன்லைன் கோர்ஸை முடித்துவிட்டதாகவே ஒன்றில் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏப்ரலில் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தால், ஒரு கல்லூரி 'இனி எதுவும் அனுப்ப வேண்டாம்' என்று பிப்ரவரியிலேயே எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு கடிதம் போயிருக்கிறது.

ஒன்பது இடத்திலும் இல்லை என்று வந்தது. கடிதத்தால்தான் போனது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் பையன் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இது தன் குரலே இல்லையே என்று அழுதான். அதனால் சொல்கிறேன், போட்டது போட்டதாக இருக்கட்டும்.

கோபி அண்ணன் | ஜனவரி 12, காலை 6.10

பொள்ளாச்சிக்காரரே, படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அது அப்டேட் அனுப்பியதால் வந்த கேடு இல்லைங்க. பிள்ளை பெயரில் வேறொருவர் எழுதியதால் வந்த கேடு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

என் பையன் அங்கே இரண்டாம் ஆண்டு. அவனுக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது இதுதான். நமக்குத் தெரிந்த அட்மிஷன் என்றால் கட் ஆஃப். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. மார்க் வந்தால் ரேங்க் வரும், ரேங்க் வந்தால் வரிசைப்படி இடத்தைத் தேர்ந்தெடுப்போம். அதில் 'என் மகள் கிணற்றை அளக்கிறாள்' என்று எழுத இடமே கிடையாது. எழுதினாலும் யாரும் படிக்கப்போவதில்லை. அங்கே முறை வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல், அதை ஆள் உட்கார்ந்து படிக்கிறார். ஜனவரியில் தொடங்கினால் மார்ச் வரை படிப்பு ஓடும். அதற்குள் உண்மையான புதுச் சேதி ஒன்று ஃபைலுக்குள் போய்ச் சேர்ந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். எனவே கேள்வி 'அனுப்பலாமா' என்பதில்லை. எந்தக் கல்லூரி எந்த வழியாக வாங்கிக்கொள்கிறது என்பதுதான்.

பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் அந்தக் கல்லூரிக்குப் போனதைத் திருத்த முடியாது. உள்ளே போய் மாற்றினால், இனிமேல் போடப்போகிற கல்லூரிக்குத்தான் மாறிய படிவம் போகும். மாற்றிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம், அங்கே பழையதுதான் கிடக்கும். ஆகவே வழி கல்லூரியின் சொந்த போர்ட்டல்தான். விண்ணப்பம் போன சில நாளில் ஒவ்வொரு கல்லூரியும் லாகின் அனுப்பியிருக்கும். காணோம் என்றால் ஸ்பேமில் தேடுங்கள். சில கல்லூரிகள் அங்கேயே அப்டேட் போடத் தனி இடம் வைத்திருக்கும். சில, மின்னஞ்சல் போடு என்று எழுதியிருக்கும். சில, நாங்கள் கேட்காத எதையும் அனுப்பாதே என்று எழுதியிருக்கும். அங்கே அனுப்பவே கூடாது.

எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இரண்டு இடம் சொல்கிறேன். எம்.ஐ.டி. இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது. அரையாண்டு மார்க்கையும் புதுச் சேதியையும் மாணவரே நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விடுவதுதான் அங்கே தப்பு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் சேர்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நேர்மாறு. சமர்ப்பித்த பிறகு பரிசு, செயல்பாடு, கட்டுரை எதையும் மாற்ற முடியாது. ஆனால் ஒரு பாடத்தை விட்டாலோ, தேறாத மார்க் வாங்கினாலோ கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மூன்று விஷயத்தில் மூன்றாம் பரிசை நான் விட்டுவிடுவேன். மார்க் போக வேண்டும், ஆனால் உங்கள் கையால் இல்லை, பள்ளி மூலமாக. கிணறு நல்ல விஷயம். ஆனால் வரைபடம் போட்டேன் என்பது மட்டும் புதுச் சேதி ஆகாது. அது ஏற்கெனவே சொன்ன வேலையின் தொடர்ச்சி. கொஞ்சம் பொறுங்கள், ஏதாவது நடக்கிறதா பார்ப்போம்.

நாமக்கல் ஆசிரியர் | ஜனவரி 12, மாலை 5.50

மார்க் பற்றி நான் சொல்கிறேன். மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியிலிருந்து வெளிநாட்டுக்குப் போடும் பிள்ளைகளுக்குக் கவுன்சலர், அதாவது பள்ளி சார்பில் வழிகாட்டுபவர், என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

அரையாண்டு மார்க் 'மிட் இயர் ரிப்போர்ட்' என்ற பெயரில் பள்ளிக் கணக்கிலிருந்து போக வேண்டும். பெற்றோரோ பிள்ளையோ ரேங்க் கார்டைப் படம் பிடித்து அனுப்பினால் அது கணக்கில் சேராது. நம்மூர்ப் பள்ளிகள் பலவற்றுக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. அக்டோபரில் பரிந்துரைக் கடிதம் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு தொடங்கிவிட்டால் எங்கள் யாரையும் பிடிக்க முடியாது. ஆகவே பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் போய் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

போகும்போது ஒரு பக்கக் குறிப்பு ஒன்றும் தயாராகக் கொண்டுபோங்கள். மொத்தம் ஆறு பாடம், பாடத்துக்கு 100, ஆக 600. அரையாண்டு பள்ளிக்குள் நடப்பது, பொதுத் தேர்வு மார்ச்சில், முடிவு மே மாதம். வகுப்பில் எத்தனை பேர், அதில் இவள் எங்கே நிற்கிறாள். இவ்வளவு போதும். அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு 571 என்றால் அது எதற்கு 571 என்று தெரியாதல்லவா?

சின்ன விஷயம் போலத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். போன வருடம் ஒரு பையனின் மார்க் பட்டியலை ஏற்றிய பிறகுதான் கவனித்தேன். பள்ளி முத்திரையின் ஊதா மை சரியாக இயற்பியல் மார்க்கின் மேலேயே விழுந்திருந்தது. 91-ஆ 97-ஆ என்று எனக்கே தெரியவில்லை. வேறு பட்டியல் அடித்து, முத்திரையை வெற்றிடத்தில் குத்தி, செல்போன் நிழல் விழாமல் ஸ்கேனரில் எடுத்து, கல்லூரிக்கு விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினோம். ஆறு மார்க் அந்தப் பையனுக்குச் சும்மா வந்ததில்லை. முத்திரை எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊத்துக்குளி அம்மா | ஜனவரி 12, இரவு 8.05

ரொம்ப நன்றிங்க சார், நன்றிங்க அண்ணா. மிட் இயர் ரிப்போர்ட் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறோம். நல்லவேளை கேட்டேன்.

ஈரோட்டுக்காரி | ஜனவரி 13, காலை 7.30

அக்கா, நான் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரம் எட்டு மணி நேரம் இங்கே அட்மிஷன் ஆபீஸில் வேலை. முடிவில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, யாருடைய ஃபைலையும் படிக்க அனுமதியும் இல்லை. வருகிற தாள்களை உரிய ஃபைலில் சேர்ப்பதுதான் என் வேலை. அந்த இடத்திலிருந்து தெரிவதை மட்டும் சொல்கிறேன்.

ஜனவரியில் மின்னஞ்சல் வெள்ளமாக வரும். ஹார்வர்டு மாதிரி இடத்துக்கு ஆண்டுக்கு 50,000-ஐ ஒட்டி விண்ணப்பம் வருகிறது. எங்கள் கல்லூரி அதில் சிறு துளி, எங்களுக்கே மூச்சு முட்டும். அதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருக்கும். அதனால் விண்ணப்பத்திலும் அப்படியே. பள்ளி மார்க் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும். மின்னஞ்சல் முகவரியோ அப்பாவுடைய கார்மென்ட்ஸ் கம்பெனிப் பெயரில் இருக்கும். கடிதத்துக்கு அடியில் கூப்பிடும் பெயர். நான்கும் ஒரே பெண்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருமுறை இரண்டு மணி நேரம் தேடியும் யாருடையது என்று தெரியாமல் ஒரு நல்ல கடிதம் தனியே நின்றது. மேலாளர் அந்த முகவரிக்கே எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. அந்தப் பிள்ளை யாரோ, இன்னும் மனசில் நிற்கிறது.

அதனால் விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சலிலிருந்து, விண்ணப்பத்தில் இருக்கும் அதே பெயரோடு, பிறந்த தேதி, விண்ணப்ப எண், பள்ளிப் பெயர் எல்லாம் மேலேயே போட்டு எழுதச் சொல்லுங்க. போர்ட்டலில் ஏற்ற இடம் இருந்தால் இந்தச் சிக்கலே வராது. அங்கே போட்டால் நேராக அவள் ஃபைலுக்குப் போய்விடும்.

ஒரே தடவை. ஒரு பக்கத்துக்குள். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் போனால் நல்லது, படிப்பவர் கையில் ஃபைல் இருக்கும்போதே சேர்ந்துவிடும். அவள்தான் எழுத வேண்டும், நீங்களோ மாமாவோ எழுதக் கூடாது.

டெஃபர் செய்த கல்லூரி மட்டும் வேறு கணக்கு. அவர்கள் முடிவைத் தள்ளிவைத்ததே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றுதான். என்ன அனுப்பலாம் என்று போர்ட்டலில் எழுதியிருப்பார்கள். அங்கே கட்டாயம் எழுதுங்க.

கரூர் பெரியவர் | ஜனவரி 13, பகல் 11.15

எனக்கும் ஒரு சந்தேகம். பேரன் விண்ணப்பம் போட்டிருக்கிறான். எங்கள் சொந்தத்தில் ஒருவர் பெரிய மில் வைத்திருக்கிறார். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி, அங்கே பெயரும் உண்டு. அவர் லெட்டர்பேடில் ஒரு சிபாரிசுக் கடிதம் இப்போது அனுப்பினால் எடுபடுமா?

கோபி அண்ணன் | ஜனவரி 13, பகல் 1.00

வேண்டாமுங்க ஐயா. பேரன் அவர் மில்லில் நின்று வேலை கற்றிருக்கிறானா? கற்றிருந்தால், அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியின் கடிதம் முதலாளி கடிதத்தை விட மேல். இல்லையென்றால், பையனைத் தெரியாத ஒருவர் அவனைப் பற்றி என்ன எழுத முடியும்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பொதுவாகப் பரிந்துரைக் கடிதமே வாங்குவதில்லை. மற்ற இடங்களிலும் எத்தனை கடிதம் என்று கணக்குச் சொல்லியிருப்பார்கள்.

காங்கேயம் தம்பி | ஜனவரி 13, இரவு 11.50

எல்லாரும் நல்ல சேதியைச் சொல்வது பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு எதிர்ப்பக்கம். காலாண்டில் 548. டிசம்பரில் டைபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்துவிட்டேன். அரையாண்டு 479. மிட் இயர் ரிப்போர்ட் அனுப்பாமல் விட்டுவிடச் சொல்லிப் பள்ளியில் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நாமக்கல் ஆசிரியர் | ஜனவரி 14, காலை 5.45

தம்பி, கண்ணு, முதலில் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

மறைக்க வேண்டாம். அந்த ரிப்போர்ட்டைக் கேட்கிற கல்லூரிக்கு அது வரவில்லை என்றால் ஃபைல் முழுமையாகாது. ஏன் வரவில்லை என்ற கேள்விதான் அங்கே நிற்கும். மார்க் இறங்கியதைச் சொன்னால் காரணம் புரிந்துவிடும். காரணத்தைப் பள்ளி சொல்வது நல்லது. கவுன்சலர் குறிப்பில் இரண்டு வரி: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை டைபாய்டு, மருத்துவச் சான்றிதழ் பள்ளியில் இருக்கிறது, காலாண்டு மார்க் இவ்வளவு. நீ தனியாக எழுதுவதானால் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். மன்னிப்புக் கேட்கவே வேண்டாம், காய்ச்சல் வந்தது உன் குற்றமா? ஜனவரியில் வகுப்புத் தேர்வு ஏதாவது எழுதியிருந்தால் அந்த மார்க்கையும் சேர்த்து அனுப்பச் சொல். உன் பள்ளியில் யாருக்கும் வழி தெரியவில்லை என்றால் எனக்குத் தனியே எழுது. உங்கள் தலைமையாசிரியரிடம் நானே பேசுகிறேன்.

பல்லடம் ரோடு | ஜனவரி 17, இரவு 9.20

பொங்கல் வாழ்த்துகள். எங்கள் வீட்டுச் சேதி மார்க் இல்லை, பணம். பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து ஆர்டர் விழுந்துவிட்டது. 24 மெஷினில் பத்துதான் ஓடுகிறது. நவம்பரில் நிதி உதவிக்கான சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் படிவத்தை நிரப்பும்போது முந்தைய வருட வருமானத்தைத்தான் போட்டோம், அது நன்றாக ஓடிய வருடம். இப்போதைய நிலைமையை யாரிடம் சொல்வது? சொன்னால் மகனுக்குக் கெடுதல் வருமா?

கோபி அண்ணன் | ஜனவரி 18, காலை 6.40

இதை அட்மிஷன் ஆபீஸுக்கு எழுத வேண்டாம், நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். இரண்டும் தனித்தனி. ஆடிட்டர் கடிதம், கடைசி மாதங்களின் ஜி.எஸ்.டி. கணக்கு, ரத்தான ஆர்டர்களின் தாள், இவற்றோடு அரைப் பக்க விளக்கம். உணர்ச்சி வேண்டாம், எண்கள் பேசட்டும்.

கெடுதல் வருமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் மட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பணத் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. மற்ற பெரும்பாலான இடங்களில் எவ்வளவு உதவி வேண்டும் என்பதும் கணக்கில் வரும். ஆகவே கெடுதல் வரவே வராது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கட்ட முடியாத தொகைக்கு இடம் கிடைத்து என்ன செய்ய? உதவி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதுதான் முக்கியம். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்டால் பல கல்லூரிகள் பரிசீலிப்பதே இல்லை.

பல்லடம் ரோடு | ஜனவரி 18, காலை 9.05

கேட்டிருக்கிறோமுங்க. நாளைக்கே ஆடிட்டரைப் பார்க்கிறேன்.

ஊத்துக்குளி அம்மா | ஜனவரி 27, இரவு 10.10

அண்ணா, ஏதாவது நடக்கட்டும் என்றீர்களே, நடந்துவிட்டது.

நேற்று 26-ஆம் தேதி எங்கள் ஊரில் கிராம சபை. ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்து, மகள் நோட்டையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையெல்லாம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்தக் கிணறு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பதினொரு கிணற்றின் அளவையும் மழைக்கு முன், மழைக்குப் பின் என்று வாசித்தாள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்று இந்தியத் தர அளவையும் சொன்னாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது.

முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "மனுசனுக்குச் செரி அம்மிணி. மாட்டுக்கு எந்தக் கெணத்துத் தண்ணிய வெக்கலாம்? அதச் சொல்லு." இவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லைங்க அப்புச்சி, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து முகமே சரியில்லை. ஒன்றரை வருடமாக அளக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே என்றாள். இன்று பள்ளி விட்டதும் நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறாள். நோட்டில் மாட்டுக்கு என்று தனிப் பத்தி போட்டாகிவிட்டது.

கடிதமும் எழுதிவிட்டாள். ஆங்கிலத்தில் இருப்பதன் சாரம் இது: 'உலகப் புகழ் பெற்ற உங்கள் கல்லூரியில் படிப்பது என் நெடுநாள் கனவு. விண்ணப்பித்த பிறகு பல சாதனைகள் புரிந்துள்ளேன். அரையாண்டில் 571 பெற்றேன். மாவட்டப் பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றேன். கிராம சபையில் என் ஆய்வைச் சமர்ப்பித்தேன். என் ஆர்வத்தைக் கருத்தில் கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.' எப்படி இருக்கிறது?

ஈரோட்டுக்காரி | ஜனவரி 28, காலை 8.00

அக்கா, நீங்கள் இங்கே எங்களுக்கு எழுதியதுதான் கடிதம். அவள் எழுதியதில் அந்தப் பெரியவரே இல்லையே!

கனவு, பணிவு, சாதனை எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்க. மார்க் பள்ளி வழியாகப் போகிறது, இங்கே வேண்டாம். பேச்சுப் போட்டியும் வேண்டாம். மீதி இருப்பதை நடந்தபடியே எழுதச் சொல்லுங்க. கிட்டத்தட்ட இப்படி:

'என் விண்ணப்பத்தில் 11 கிணறுகளை அளந்து வருவதாகச் சொல்லியிருந்தேன். ஜனவரி 26 அன்று எங்கள் ஊர்க் கிராம சபையில் அந்த அளவுகளை வாசித்தேன். எந்தக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்கு வைக்கலாம் என்று ஒரு விவசாயி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் மனிதர்களுக்கான அளவை மட்டுமே படித்திருந்தேன். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நோட்டில் புதிய பத்தி சேர்த்தேன். அடுத்த கிராம சபையில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.'

இவ்வளவுதான். தெரியவில்லை என்று சொன்னதை மறைக்க வேண்டாம் என்று அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்க. அந்த வரிதான் எனக்கு அவளைக் காட்டியது.

ஊத்துக்குளி அம்மா | ஜனவரி 28, இரவு 9.30

படித்துக் காட்டினேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தோற்றதை எதற்கு எழுதுவது என்றாள். ராத்திரி சாப்பிடும்போது அவளாகவே சரி என்றாள். உங்கள் வரிகளை எடுக்க மாட்டாளாம், தானே எழுதுவாளாம்.

இன்னொரு கேள்வி. டெஃபர் ஆன கல்லூரிக்கு 'நீங்கள்தான் என் முதல் விருப்பம், இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்' என்று எழுத வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அவளுக்கு உண்மையில் முதல் விருப்பம் வேறு கல்லூரி.

கோபி அண்ணன் | ஜனவரி 29, காலை 6.15

அப்படியானால் எழுதக் கூடாது தங்கச்சி. அந்த வாக்கியம் ஒரு வாக்கு. ஒரே இடத்துக்குத்தான் கொடுக்க முடியும், அதுவும் நிஜமாக இருந்தால் மட்டும். 'இப்போதும் உங்கள் கல்லூரியில் படிக்க விரும்புகிறேன்' என்று சொல்லி, அங்கே இருக்கும் எந்தப் பாடம், எந்த ஆய்வகம் இந்தத் தண்ணீர் வேலைக்கு உதவும் என்று ஒரு வரி எழுதட்டும். அது பொய் இல்லையே.

பொள்ளாச்சி வாசி | ஜனவரி 29, இரவு 8.40

எல்லாவற்றையும் படித்தேன். அனுப்பவே வேண்டாம் என்று முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அனுப்பலாம். ஆனால் ஒன்றில் நான் மாறவில்லை. சொல்லப் புதிதாக எதுவும் இல்லாத பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, நாமும் ஏதாவது அனுப்பியாக வேண்டுமோ என்று பதறக் கூடாது. அனுப்பாத பிள்ளையின் ஃபைல் குறைபட்ட ஃபைல் இல்லை. கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும், அதையும் மறுபடி சொல்லிக்கொள்கிறேன்.

ஈரோட்டுக்காரி | ஜனவரி 30, காலை 7.10

பொள்ளாச்சி அண்ணா சொல்வது முழுக்க உண்மை. என் வருடத்தில் நான் எதுவும் அனுப்பவில்லை.

காங்கேயம் தம்பி | பிப்ரவரி 6, மாலை 6.30

உடம்பு தேறிவிட்டது சார். தலைமையாசிரியர் நீங்கள் சொன்னபடியே இரண்டு வரி சேர்த்து ரிப்போர்ட்டை ஏற்றிவிட்டார். ஜனவரி வகுப்புத் தேர்வில் 552. அதையும் வைத்தோம்.

ஊத்துக்குளி அம்மா | பிப்ரவரி 15, இரவு 9.00

என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமல்லவா. ஏழு கல்லூரியின் பக்கத்தையும் வரிவரியாகப் படித்தாள். டெஃபர் ஆன கல்லூரியில் அதற்கென்று ஒரு படிவம் இருந்தது, அதில் போட்டாள். இரண்டு போர்ட்டலில் ஏற்றும் இடம் இருந்தது. ஒரு இடத்துக்கு மின்னஞ்சல். ஒரு கல்லூரி எதுவும் வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. மற்ற இரண்டில் ஒன்றும் சொல்லவில்லை, அங்கே பள்ளி ரிப்போர்ட் மட்டும் போதும் என்று விட்டுவிட்டோம். மிட் இயர் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் பிப்ரவரி 4-இல் போய்விட்டது. முத்திரை மார்க் மேல் விழாமல் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் வந்தது. 'உங்கள் ஃபைலில் சேர்த்துவிட்டோம், நன்றி.' அவ்வளவுதான். முடிவு மார்ச் கடைசியில். அதுவரை மின்னஞ்சலை வாரம் ஒருமுறை மட்டும் திறப்பதாக அவளே வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை இயற்பியல் செய்முறைத் தேர்வு.

இன்று ஞாயிறு. அவளுக்குப் படிப்பு இருந்ததால், மீட்டரை எடுத்துக்கொண்டு பதினொரு கிணற்றுக்கும் அவள் அப்பா போய் அளந்து வந்தார். மத்தியானம் நோட்டைப் பார்த்தவள், மாட்டுக்கான புதுப் பத்தியை இரண்டு கிணற்றுக்கு நிரப்பாமல் விட்டிருக்கிறார் என்று சாயங்காலம் மறுபடி அனுப்பினாள். அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.